மாத்திரையை நிறுத்தியும் உணர்ச்சி திரும்பவில்லையா?



சென்ற மாதம் டிங்கிக் காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய டயரையும் வாளியையும் கவிழ்த்ததாகச் சிலர் சொன்னார்கள், சந்தோஷம். இந்த மாதம் எழுதப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். வீட்டில் வயசுப் பிள்ளைகள் கையில் இந்தப் பக்கம் கிடைத்துவிடுமே என்று நானும் யோசித்தேன். கிடைத்தால் கிடைக்கட்டும். நாளைக்கு அவர்களுக்கும் கல்யாணம் காட்சி என்று வரப்போகிறதுதானே.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். பெரட்டு முடிந்து வேலைக்குப் போனவர்கள் எல்லாம் திரும்பி, மருந்துக்கு வந்த கூட்டமும் கலைந்துவிட்டது. ஒருவர் மட்டும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். ஜாசின் வட்டாரத்தில் செம்பனைக் குலை வெட்டும் வேலை, வயது 34. "என்ன தம்பி?" என்றேன். "இருமல், டிரசரய்யா" என்றார். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தேன், ஒரு கோளாறும் இல்லை. இருமல் மருந்தை ஊற்றிக் கொடுத்த பிறகும் அவர் எழுந்து போகவில்லை. கதவைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து சாத்தினேன். அப்புறம்தான் பேச்சு வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய சொந்தத் தம்பி மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு இவருக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. காட்டுக்குப் போனாலும் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் மனைவியிடம், "நான் போயிட்டா நீ பிள்ளைங்கள பாத்துக்குவியா" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் புத்திசாலி. சாமியாடியிடம் போகாமல், மறுநாளே அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்விட்டார். மனச்சோர்வு என்று சொல்லி 'செர்ட்ராலின்' மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் மனுஷன் மறுபடி வேலைக்குப் போனார். ஒரு வருஷம் கழித்து டாக்டரே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். அந்த மாத்திரைதான் அவரை இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக உயிரோடு நிறுத்தி வைத்தது. இதை நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலுள்ள மாத்திரையைச் சாக்கடையில் கொட்டிவிடக் கூடாது.

அவருடைய குறை என்ன? மாத்திரை ஆரம்பித்த முதல் வாரத்திலேயே கீழ்ப்பகுதி மரத்துப்போனது போல இருந்ததாம். பல் பிடுங்கும்போது ஊசி போட்டால் உதடு எப்படி இருக்குமோ அப்படி. ஆசையும் குறைந்தது. உறவு கொண்டாலும் முடிவில் சுகம் என்று ஒன்று தெரியவில்லை. "மருந்து நிறுத்தினா சரியாப் போயிடும்னு இருந்தேன் டிரசரய்யா. நிறுத்தி ஒன்றரை வருஷமாச்சு. இன்னும் அப்படியேதான் இருக்கு. அவ நான் வேற எங்கேயோ போறேன்னு நெனைக்கிறா" என்றார். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அதெல்லாம் மனசுதான் தம்பி, யோசிக்காதே, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி விட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன். அது என் தவறு. எனக்குத் தெரியாத ஒன்றை இல்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு தெரிந்த மருந்தாளர் ஒருவரிடம் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னபோதுதான், இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, பல தேசத்து அரசாங்கங்களே இதை ஒப்புக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்தது. அந்தத் தம்பியை ஆள் விட்டுக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். இந்தக் கட்டுரை அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததன் பலன்.

மாத்திரை செய்யும் வேலை

மனச்சோர்வுக்கும், காரணமில்லாத பயத்துக்கும் இப்போது அதிகமாகக் கொடுக்கப்படும் மாத்திரைகளை 'எஸ்.எஸ்.ஆர்.ஐ.' வகை என்று சொல்வார்கள். ஃபுளுவோக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், பரோக்செட்டின், ஃபுளுவோக்சமின் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் பேர் பெற்றது ஃபுளுவோக்செட்டின். 'புரோசாக்' என்ற பெயரில் 1987 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பிருந்த பழைய மருந்துகளை அளவு மீறிச் சாப்பிட்டால் இருதயம் நின்றுவிடும். இவை அந்த அளவுக்கு ஆபத்தில்லாதவை என்பதால் உலகமெங்கும் பரவின.

மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்லச் சில இரசாயனங்களைப் பயன்படுத்துகிறது. அதில் ஒன்று செரோட்டோனின். சேதி சொன்ன பிறகு நரம்பு அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மாத்திரை அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. அதனால் செரோட்டோனின் கூடுதல் நேரம் அங்கேயே நிற்கிறது. ஆனால் செரோட்டோனின் மூளையில் மட்டும் இருக்கும் சரக்கு இல்லை. உடம்பிலுள்ளதில் பெரும் பங்கு குடலில்தான் இருக்கிறது. முதல் வாரம் வயிற்றைப் புரட்டுவது அதனால்தான். முதுகுத்தண்டு வழியாகப் பிறப்புறுப்புக்குப் போகும் நரம்புகளிலும் அதற்கு வேலை உண்டு. அங்கே அது கூடினால் பிரேக் பிடித்தது போல் ஆகிவிடும். ஆசையைத் தூண்டும் டோப்பமின் என்ற இன்னொரு இரசாயனத்தையும் அது அடக்குகிறது. இந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டே, சீக்கிரம் விந்து வெளியாகிவிடும் ஆண்களுக்கு இதே மாத்திரைகளை மருந்தாகவும் கொடுக்கிறார்கள்.

ஆகவே மாத்திரை சாப்பிடும் காலத்தில் தாம்பத்தியத்தில் மந்தம் ஏற்படுவது சகஜம். எவ்வளவு சகஜம்? ஸ்பெயின் நாட்டில் மொண்டேஹோ என்ற மனநல மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 344 நோயாளிகளைப் பார்த்து 1997-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாங்களாக வாய் திறந்து இந்தக் குறையைச் சொன்னவர்கள் நூற்றுக்கு 14 பேர். டாக்டரே நேராகக் கேட்டபோது ஆமாம் என்றவர்கள் நூற்றுக்கு 58 பேர். ஸ்பெயின்காரர்களே இவ்வளவு கூச்சப்பட்டார்கள் என்றால் நம்மைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழ்நாட்டில் டாக்டர் மாத்ருபூதம் என்ற மனநல மருத்துவர் விஜய் தொலைக்காட்சியில் 'புதிரா புனிதமா' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தி, மக்களின் இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் சிரித்த முகமாகப் பதில் சொன்னார். கேட்க ஆள் இருந்தால் நம் ஜனங்களும் பேசுவார்கள் என்பதற்கு அவரே சாட்சி.

நிறுத்திய பிறகும் நீடிப்பது

பெரும்பாலோருக்கு மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒரு சிலருக்கு மட்டும் ஆவதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நீடிக்கிறது. இதைத்தான் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் 'பி.எஸ்.எஸ்.டி.' என்கிறார்கள்.

2006-இல் சோக்கா, ஷிப்கோ என்ற இருவர் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். அப்போது பல டாக்டர்கள் நம்பவில்லை. பழைய மனச்சோர்வுதான் திரும்பி வந்திருக்கிறது என்றார்கள், நான் அந்தத் தம்பியிடம் சொன்னதைப் போலவே. ஆனால் 2011-இல் அமெரிக்காவில் புரோசாக் மருந்தின் விவரக் குறிப்பிலேயே, நிறுத்திய பிறகும் சில சமயம் இந்தக் குறை நீடிக்கிறது என்ற ஒரு வரி ஏறியது. டேவிட் ஹீலி என்ற மனநல மருத்துவரும் வேறு பலரும் 2018-இல் ஐரோப்பா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இடங்களின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகங்களுக்கு மனுக் கொடுத்தார்கள். 2019 ஜூன் மாதம் ஐரோப்பிய மருந்து முகமை, இந்த வகை மருந்துகளின் பெட்டிக்குள் வைக்கும் தாளில் இந்த எச்சரிக்கையைச் சேர்க்கும்படி சொன்னது. 2021-இல் கனடாவும் அதே முடிவுக்கு வந்தது. ஒரு மருந்து சந்தைக்கு வந்து 30 வருஷம் கழித்து இந்த வரி சேர்க்கப்பட்டிருக்கிறது. நோயாளிகள் கூச்சத்தை விட்டு எழுதிக் கொடுத்த புகார்கள்தான் அதற்குக் காரணம். புக்கிட் அசாஹான் தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்கு 1967-இல் கால்நடையாகவே போன நம் ஆட்களை நினைத்துக்கொண்டேன். நியாயம் கேட்க அவ்வளவு தூரம் நடந்த ஜனம், டாக்டர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்ல வெட்கப்படுகிறது.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்று கேட்பீர்கள். இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, இம்மாதிரி மருந்து சாப்பிட்ட ஆண்களில் ஏறத்தாழ 216 பேருக்கு ஒருவருக்கு விறைப்புக் குறை நிறுத்திய பிறகும் நிலைத்துவிட்டது. மரத்துப்போவதையும் பெண்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக, அடிக்கடி வருவதில்லை, ஆனால் அபூர்வம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஒரு பெரிய தோட்டத்தில் ஒருவர் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பெண்களே அதிகம். அவர்களுக்கும் இதே மரத்துப்போதல், இதே ஆசைக் குறைவு, உச்சம் வராமை எல்லாம் வரும். என்னிடம் ஒரு பெண்கூட நேரில் வந்து சொன்னதில்லை. ஒரே ஒரு முறை ஆயாக்கொட்டகை ஆயா வந்து, "அந்தப் பொண்ணு மாத்திரை சாப்பிட்டதில இருந்து கட்டை மாதிரி இருக்காளாம், புருஷன் அடிக்கிறானாம்" என்றார். நான் போய் அந்தப் புருஷனிடம் பேசினேன். "ஒன் மேல ஆசை இல்லாம இல்லப்பா, அவ ஒடம்புக்கே தெரியல" என்று புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது. அடிதடி நின்றது. மற்றது என்ன ஆயிற்று என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

எல்லாப் பழியும் இந்த மாத்திரைக்கா?

கிடையாது. இதை வாசிக்கும் ஆண்களில் பாதிப் பேர் இந்நேரம் தன் பக்கத்தில் என்ன குறை என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். நம் தோட்டங்களிலும் தாமான்களிலும் விறைப்புக் குறைக்கு முதல் காரணம் இனிப்பு நீர்தான். 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. நம் இந்தியர்களிடம் மற்ற இனத்தவரை விட அதிகம். சர்க்கரை பல வருஷமாகக் கூடியே இருந்தால் இரத்தக் குழாயும் கெடும், நரம்பும் கெடும். இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், சிகரெட், சம்சு, தைராய்டு கோளாறு, மனநோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் போன்ற வேறு மருந்துகள் எல்லாமே இந்த வேலையைச் செய்யும். சம்சு அடித்துவிட்டு என்னிடம் வந்து ஆண்மைக்கு ஊசி கேட்பவர்களை என்ன சொல்வது!

மனச்சோர்வே ஆசையைக் கொல்லும் என்பதும் உண்மை. அப்படியானால் எது மாத்திரையால் வந்தது என்று எப்படித் தெரியும்? மனச்சோர்வில் ஆசை போகும், ஆனால் தோல் மரத்துப்போகாது. மாத்திரை ஆரம்பித்த சில மணி நேரத்திலோ சில நாளிலோ பிறப்புறுப்பு மரத்துப்போனது, மனசு தெளிந்த பிறகும் அது அப்படியே இருக்கிறது, உச்சம் வந்தாலும் சுகம் இல்லை என்றால், அது மாத்திரையின் பக்கம் கைகாட்டுகிறது. இருந்தாலும் சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின் ஆகியவற்றைச் சோதிக்காமல் யாரும் முடிவுக்கு வரக் கூடாது. நான் சொன்ன தம்பிக்கு எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றிலும் குறை இல்லை.

இதற்கு வைத்தியம் உண்டா?

இன்னும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு வழிகள் உண்டு. டாக்டர் அளவைக் குறைக்கலாம். மிர்டாசப்பின், புப்ரோப்பியான், வோர்ட்டியோக்செட்டின் போல இந்தத் தொல்லை குறைவாக உள்ள வேறு மருந்துக்கு மாற்றலாம். புப்ரோப்பியான் மட்டும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. ஆண்களுக்குச் சில்டெனாஃபில் கொடுக்கலாம். அமெரிக்காவில் 90 ஆண்களை வைத்துச் செய்த பரிசோதனை 2003-இல் வெளிவந்தது. அதில் சில்டெனாஃபில் சாப்பிட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு நல்ல குணம் தெரிந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் தெரிந்தது. பெண்களை வைத்தும் 2008-இல் அதேபோல் செய்து ஓரளவு பலன் கண்டார்கள். ஆனால் இதயக்காரர்கள் கவனமாகக் கேளுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோ, அந்த நைட்ரேட் வகையில் வேறு எதுவுமோ சாப்பிடுகிறவர் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் விழுந்து உயிர் போய்விடும்.

நிறுத்திய பிறகும் நீடிக்கிறதே, அந்த நிலைக்கு? மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். நிச்சயமாகக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட வைத்தியம் இன்றைய தேதி வரை எந்த நாட்டிலும் கிடையாது. சில்டெனாஃபில் விறைப்பைத் தரலாம், மரத்துப்போனதை மாற்றாது. புப்ரோப்பியான், பஸ்பிரோன், டோப்பமினைத் தூண்டும் மருந்துகள் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கொஞ்சம் கேட்டது, அடுத்தவருக்குக் கேட்கவில்லை. நெதர்லாந்தில் வால்டிங்கர் என்ற மருத்துவர் ஒரே ஒரு நோயாளிக்கு மெல்லிய லேசர் ஒளியைப் பாய்ச்சி, உணர்ச்சி ஓரளவு திரும்பியதாக 2015-இல் எழுதினார். ஒருவரை வைத்து ஊருக்கே மருந்து சொல்ல முடியாது. ஹீலியின் 'ரிக்ஸிஸ்க்' என்ற அமைப்பு, இதைக் குணப்படுத்த வழி கண்டுபிடிப்பவருக்கு 100,000 டாலர் பரிசு என்று 2017-இல் அறிவித்தது. ஒரு வியாதிக்கு மருந்து கண்டுபிடிக்கப் பரிசு வைக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த மருந்து பாசார் மாலாமில் 30 வெள்ளிக்குக் கிடைக்குமா?

இதைத்தான் அந்தத் தம்பியிடம் கேட்டேன். அவர் அதுவரை செய்த செலவைக் கூட்டிப் பார்த்தோம். தொங்காட் அலி காப்பி, குதிரைப் படம் போட்ட குளிசை, பட்டணத்தில் ஹோட்டல் அறை எடுத்துத் தங்கியிருந்த 'பரம்பரை வைத்தியர்' கொடுத்த லேகியம், பஸ்பம் எல்லாமாக 1,800 வெள்ளிக்கு மேல். பிள்ளையின் பள்ளிக்கூடச் சாமானுக்கு வைத்திருந்த பணமும் அதில் அடக்கம். இப்படிப்பட்ட காப்பியிலும் குளிசையிலும் சில்டெனாஃபில், தடலாஃபில் ஆகியவற்றைத் திருட்டுத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. "மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்று இதயக்காரர் ஒரு கப் குடித்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். அனுமதி பெற்ற மருந்தென்றால் டப்பாவில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும், மினுமினுக்கும் ஹோலோகிராம் வில்லையும் இருக்கும். இல்லாததை வாங்காதீர்கள்.

நம் நாட்டு மருந்தை நான் இழித்துப் பேசுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். என் பாட்டி கொடுத்த கஷாயம் குடித்து வளர்ந்தவன்தான் நானும். ஆனால் பூனைக்காலி விதையில் லெவோடோப்பா என்ற சரக்கு இயற்கையாகவே இருக்கிறது. கைநடுக்க வாதத்துக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் அதே லெவோடோப்பாதான். அப்படியானால் அது வீரியமுள்ள மருந்து, மற்ற மாத்திரைகளோடு கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கும் பண்டம் இல்லை என்றுதானே அர்த்தம்? பாதரசம், ஈயம் சேர்ந்த பஸ்பம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். என்ன சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மிச்சமிருப்பது பொறுமை. சிலருக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்துத் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறது. அதுவரை தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், சர்க்கரையையும் கொதிப்பையும் கட்டுக்குள் வைத்து, சிகரெட்டையும் சம்சுவையும் விட்டால், திரும்பி வர இருப்பதற்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கும். புருஷன் பெண்சாதி இருவரும் ஒன்றாகப் போய் டாக்டரைப் பார்ப்பது நல்லது. சந்தேகம் என்ற இரண்டாவது வியாதி அதோடு தீர்ந்துவிடும்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

கிளினிக் டாக்டர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். "தெனாகா பாத்தின் குராங்" என்று மட்டும் சொன்னால் அவர் சாதாரண ஆண்மைக் குறைவு என்று எழுதிவிடுவார். "சுடா பெர்ஹெந்தி உபாட், தாப்பி மாசெ கெபாஸ்" என்று சொல்லுங்கள். மருந்தை நிறுத்திவிட்டேன், ஆனாலும் மரத்தே இருக்கிறது என்று அர்த்தம். "செபெலும் மாக்கான் உபாட், தாக் அடா மசாலா" என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு முன்னால் இந்தப் பிரச்னை இல்லை என்பது அவருக்கு முக்கியமான தகவல். வாயால் சொல்ல நா எழவில்லையா, ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டுங்கள். மாத்திரைப் பையை எறிந்துவிடாதீர்கள். அதில் மருந்தின் பெயர், அளவு, தேதி எல்லாம் இருக்கும். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். தேவைப்பட்டால் அங்கிருந்து மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். "மனநலம்" என்றவுடன் தம்போய்க்கும் தஞ்சோங் ரம்புத்தானுக்கும் அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. காலையில் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

இன்னொரு வேலையும் உங்களுக்கு உண்டு. மருந்தால் வந்த தொல்லையைப் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமைக்குத் தெரிவிக்கலாம். டாக்டரோ மருந்தாளரோ எழுதுவார்கள், சாப்பிட்டவரே எழுதவும் தனிப் பாரம் இருக்கிறது. படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து நிரப்பச் சொல்லக் கூச்சமாக இருந்தால் என்னைப் போன்ற டிரசர்களிடம் கொண்டு வாருங்கள். ஐரோப்பாவில் அந்த ஒரு வரி ஏறியது இப்படிப்பட்ட தாள்கள் சேர்ந்துதான்.

கடைசியாக, இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு. இதைப் படித்துவிட்டு இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும், மின்சாரம் அடித்தது போல் உடம்பில் வெட்டும், தூக்கம் போகும், பழைய சோர்வு இரட்டிப்பாகத் திரும்பலாம். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், டாக்டர் சொல்லுகிற படிக்கு இறக்க வேண்டும். பாராகுவாட் குடித்தவர்களைத் தோளில் போட்டு லாரியில் ஏற்றிய டிரசர்கள் எங்களில் பலர். அந்த மருந்து 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் வாழ்க்கை வெறுத்தவனுக்கு வேறு வழியா இல்லை? அப்படி எண்ணம் வந்தால் உடனே யாரிடமாவது பேசுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929. போலீஸ் கேஸாகிவிடும் என்று முன்பு பயந்தார்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

அந்தத் தம்பியின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவரும் மனைவியும் சேர்ந்தே கிளினிக்குக்குப் போனார்கள். புகார்த் தாள் எழுதியாகிவிட்டது. குணமாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன மாதம் சம்பளத்தன்று வந்திருந்தார். "பத்தில ஒண்ணு, ரெண்டு திரும்பியிருக்கு போல, சரியாச் சொல்லத் தெரியல" என்றார். மனைவி வெளியே மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்று, சீக்கிரம் வாங்க, பிள்ளைக்கு டியூஷன் இருக்கு என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். காப்பியும் குளிசையும் வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம்.

இதைப் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் கூட்டம் கலைந்த பிறகு மருந்தகத்துக்கு வரலாம். இருமல் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் சரி, கதவைச் சாத்திக்கொள்கிறேன். அடுத்த மாதம் இனிப்பு நீர்க்காரர்களின் கால் புண்ணைப் பற்றி எழுதுகிறேன்.